செய்தித் தொழிலும் சோதனைச்சாலையும்

பத்திரிகைத் தொழிலைக் கல்லூரியில் கற்பிக்க முடியுமா? இக்கேள்வி நூறாண்டுக்கும் மேற்பட்டது. "அது நீச்சலைப் போன்றது, ஆற்றில் இறங்கினால்தான் வரும், கரையில் நின்று பாடம் கேட்டால் வராது" என்பர் ஒரு சாரார். "மருத்துவமும் சட்டமும் கல்லூரியில் கற்பிக்கப்படுகின்றன, நாடு முழுவதும் நாள்தோறும் படிக்கும் செய்தியை எழுதுவோனுக்கு மட்டும் கல்வி வேண்டாவா?" என்று வினவுவர் மறு சாரார். இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இந்த வழக்கில் யாரும் சாட்சிக்கு அழைக்காத ஒருவன் இருக்கிறான். அவன்தான் அறிவியல் மாணவன்.

நான் வேதியியலில் முதுகலை பயில்பவன். நம் மன்றத்து உறுப்பினருள் பெரும்பாலோர் அறிவியலும் பொறியியலும் பயில்வோரே. செய்தித் துறை என்றதும், அது மொழியும் வரலாறும் படித்தவர்க்கு உரியது, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஒதுங்கிவிடுகிறோம். அவ்வாறு ஒதுங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. செய்திக் கல்வியின் உயிர்நாடி சரிபார்த்தல். அதனை நாம் சோதனைச்சாலையில் ஏற்கெனவே பயின்று வருகிறோம். நம்மிடம் இல்லாதவை வேறு சில. அவை கற்றுக்கொள்ளத் தக்கவையே.

1. கல்விக்கூடம் புகுந்த வரலாறு

உலகின் முதல் இதழியற் பள்ளி என்று பொதுவாகக் குறிக்கப்படுவது, அமெரிக்காவில் மிசௌரிப் பல்கலைக் கழகத்தில் 1908-ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் முதல் தலைவர் வால்ட்டர் வில்லியம்ஸ். அவர் கல்லூரிப் படிக்கட்டை மிதிக்காதவர். அச்சுக்கூடத்தில் தொழில் பழகிப் பத்திரிகை ஆசிரியராக உயர்ந்தவர். கல்லூரி காணாத ஒருவரே இத்துறைக்குக் கல்லூரி வேண்டுமென்று வாதாடினார் என்பது கருதத் தக்கது. பள்ளி திறந்த நாளிலேயே மாணவர்கள் ஒரு நாளிதழையும் நடத்தத் தொடங்கினார்கள். மருத்துவக் கல்லூரிக்கு மருத்துவமனை எப்படியோ, இதழியற் பள்ளிக்கு நாளிதழ் அப்படி என்பது அவர்கள் கொள்கை.

அதே காலத்தில் பெரும் பத்திரிகை முதலாளியான ஜோசப் புலிட்சர், நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக் கழகத்துக்கு இதழியற் பள்ளிக்கெனப் பெரும் பொருள் அளித்தார். அம்முயற்சியைப் பலர் எள்ளினர். 1904-இல் அவர்களுக்கு விடையாக அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர் 1911-இல் மறைந்தார். பள்ளி 1912-இல் திறக்கப்பட்டது.

நம் நாட்டில் இவ்வித்து முதலில் விழுந்தது சென்னை அடையாற்றில். 1920-ஆம் ஆண்டில், அன்னி பெசன்ட் அம்மையார் நிறுவிய தேசியப் பல்கலைக் கழகத்தில் இதழியல் ஒரு பாடமாக வைக்கப்பட்டது. மாணவர்கள் அம்மையாரின் 'நியூ இந்தியா' நாளிதழில் பயிற்சி பெற்றனர். அம்முயற்சி நிலைக்கவில்லை. பின்னர் 1938-இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக் கழகத்தில் ஒரு வகுப்பு தொடங்கப்பெற்று, ஓரிரு ஆண்டுகளில் நின்றது.

வேரூன்றி நின்றது லாகூர் முயற்சியே. மிசௌரியில் பயின்று திரும்பிய பேராசிரியர் பிருதிவி பால் சிங், 1941-இல் பஞ்சாப் பல்கலைக் கழகத்தில் இதழியல் துறையைத் தொடங்கினார். ஆறே ஆண்டுகளில் நாடு பிரிந்தது. லாகூர் எல்லைக்கு அப்பால் போயிற்று. துறை அழியவில்லை, தில்லிக்குக் குடிபெயர்ந்து வகுப்புகளைத் தொடர்ந்தது. 1962-இல் சண்டிகரில் நிலைபெற்றது. கட்டடத்தையும் நூலகத்தையும் இழந்தாலும் ஆசிரியரும் மாணவரும் இருந்தால் ஒரு துறை பிழைக்கும் என்பதற்கு இதுவே சான்று.

பின்னர் வரிசையாகத் துறைகள் எழுந்தன. 1947-இல் சென்னை, 1950-இல் கல்கத்தா, 1951-இல் மைசூர், 1952-இல் நாகபுரியின் ஹிஸ்லாப் கல்லூரி, 1954-இல் ஐதராபாத்தின் உஸ்மானியா என்று பல்கலைக் கழகங்கள் இப்பாடத்தை ஏற்றன. 1965 ஆகஸ்டு 17-இல் மைய அரசு தில்லியில் இந்திய மக்கள்தொடர்பியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. 1982-இல் ஜாமியா மில்லியாவில் ஒளி, ஒலி, திரைப் பயிற்சிக்கெனத் தனி மையம் எழுந்தது. 1994-இல் பெங்களூரில் தொடங்கிய ஆசிய இதழியல் கல்லூரி, 2000-இல் சென்னைக்கு வந்தது.

2. அங்கே கற்பிப்பது யாது?

பாடத்திட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஆயினும் அடிப்படை நான்கு எனலாம்.

முதலாவது, செய்தி திரட்டல். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்னும் ஆறு வினாக்களும் இதன் அரிச்சுவடி. யாரிடம் கேட்பது, எந்த ஆவணத்தைப் பார்ப்பது, ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் எவ்வாறு உறுதி செய்துகொள்வது என்பன அடுத்த பாடங்கள்.

இரண்டாவது, எழுதும் முறை. செய்தியை எழுதும் வடிவத்தைத் தலைகீழ்க் கோபுரம் என்பர். மிக முக்கியமானது முதல் வாக்கியத்தில் வரும். முக்கியம் குறையக் குறையக் கீழே போகும். இடம் போதாமல் ஆசிரியர் கடைசிப் பத்தியை வெட்டினாலும் செய்தி கெடாது.

மூன்றாவது, சட்டம். நம் அரசியலமைப்பில் பத்திரிகைச் சுதந்திரம் என்று தனியே ஒரு விதி இல்லை. 19-ஆம் விதியின்படி குடிமகன் ஒவ்வொருவனுக்கும் உள்ள பேச்சுரிமையே பத்திரிகைக்கும் உரிமை. 1950-இல் 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் பம்பாய் வார இதழ் தன் எல்லைக்குள் வரக்கூடாதென்று அன்றைய சென்னை அரசு தடுத்தது. ரொமேஷ் தாப்பர் தொடுத்த அவ்வழக்கில் உச்சநீதிமன்றம் தடையைச் செல்லாதாக்கியது. பத்திரிகையை வெளியிடும் உரிமை என்பது அதைப் பரப்பும் உரிமையையும் உள்ளடக்கியது என்று அன்று தெளிவாயிற்று.

மற்றொரு புறம் அவதூறுச் சட்டம் இருக்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500-ஆம் பிரிவுகளில் இருந்த அது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதையின் 356-ஆம் பிரிவாக உள்ளது. எழுதியது உண்மை என்று காட்டினால் மட்டும் குற்றவழக்கில் தப்ப முடியாது. பொது நன்மைக்காக எழுதியது என்றும் காட்ட வேண்டும். இதை அறியாமல் பேனா எடுப்பவன், மின்சாரம் அறியாமல் கம்பியைத் தொடுபவனுக்கு ஒப்பாவான்.

நிருபனுக்கு உதவும் சட்டமும் உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, மைய அரசு அலுவலகத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் ஓர் ஆவணத்தைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் விடை தரவேண்டும். உயிர் அல்லது விடுதலை பற்றியதானால் 48 மணி நேரத்துக்குள் தரவேண்டும்.

நான்காவது, அறம். செய்தியால் துன்புறப் போகிறவன் யார், அவன் பக்கத்தைக் கேட்டோமா, குழந்தையின் பெயரை வெளியிடலாமா, விளம்பரத்தைச் செய்தி என்று கூறலாமா என்பன போன்ற வினாக்கள் இதில் அடங்கும். இதற்கெனப் பத்திரிகைக் குழு 1966-இல் அமைந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் கலைக்கப்பட்டது. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டும் உயிர் பெற்றது.

3. ஒரு பாடம்: கிணற்று நீர்

மேற்கூறியவற்றை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். நம்முள் ஒருவர் ஒரு சிற்றூரின் கிணற்று நீரைச் சோதித்தார் என்று கற்பனை செய்துகொள்வோம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது. இந்தியத் தர அளவின்படி குடிநீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடையாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம். கிணற்று நீரிலுள்ளது அவ்வெல்லையைப் போல் இரு மடங்கு.

ஆராய்ச்சிக் கட்டுரையில் இதை எப்படி எழுதுவோம்? முதலில் முன்னுரை, பின்பு பிறர் செய்த ஆய்வுகள், பின்பு கருவியும் முறையும், பின்பு அட்டவணை, கடைசிப் பக்கத்தில் முடிவு. கிணற்று நீரைக் குடிப்பவள் இக்கட்டுரையைப் படித்தால், அவளுக்கு வேண்டிய வாக்கியத்தை அடைவதற்குள் குடம் நிறைந்துவிடும்.

செய்தியாளன் கோபுரத்தைக் கவிழ்க்கிறான். "இவ்வூர்ப் பொதுக்கிணற்று நீரில், பொறுக்கத்தக்க அளவைப் போல் இரு மடங்கு ஃபுளோரைடு உள்ளது, நெடுநாள் குடித்தால் பல்லும் எலும்பும் கெடும்" என்பது முதல் வாக்கியம். "காய்ச்சினால் இது போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்" என்பது இரண்டாவது. இந்த இரண்டாம் வாக்கியத்தை எழுத வேதியியல் தெரிந்திருக்க வேண்டும். நீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்பது எல்லாரும் சொல்லும் நல்லுரை. கிருமிக்கு அது பொருந்தும், ஃபுளோரைடுக்குப் பொருந்தாது. விவரம் அறியாதவன் எழுதினால் நல்லெண்ணத்துடனேயே தவறான அறிவுரையைப் பரப்பிவிடுவான்.

ஆனால் செய்தி இன்னும் முடியவில்லை. எத்தனை முறை நீர் எடுத்தோம்? ஒரே குடுவையா, பத்துக் குடுவைகளா? கோடையிலா, மழைக்குப் பின்பா? பக்கத்துக் கிணறு எப்படி? இவை நம் ஆசிரியர் கேட்கும் கேள்விகள். ஊராட்சிக்கு இது தெரியுமா? முன்பே சோதித்த அறிக்கை அலுவலகத்தில் உறங்குகிறதா? மாற்று நீர் எங்கே கிடைக்கும்? பொறுப்பானவர் என்ன விடை கூறுகிறார்? இவை நிருபன் கேட்கும் கேள்விகள். முதல் வரிசை நமக்குப் பழக்கம். இரண்டாம் வரிசையைத்தான் இதழியற் பள்ளி கற்றுத் தருகிறது. அங்கு ஓராண்டுப் பயிற்சியின் பெரும்பகுதி, அறிமுகமில்லாதவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பணிவோடும் விடாப்பிடியோடும் கேள்வி கேட்கும் பழக்கமே. அதைச் சோதனைச்சாலை தராது.

4. எண்ணும் கண்

எண்ணைத் தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒன்றைக் கூறுவேன். 1995 அக்டோபரில் அந்நாட்டின் மருந்துப் பாதுகாப்புக் குழு, சில புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தம் உறையும் அபாயம் இரு மடங்காகிறது என்று எச்சரித்தது. செய்தி தீப்போலப் பரவிற்று. 'இரு மடங்கு', 'நூறு விழுக்காடு' என்ற சொற்களைக் கேட்டுப் பெண்கள் பலர் மாத்திரையை உடனே நிறுத்தினர்.

உண்மையில் அளவு என்ன? பழைய வகை மாத்திரை உண்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு இரத்தம் உறைந்தது; புது வகையில் 7,000 பேரில் இருவருக்கு. ஒன்று இரண்டாயிற்று, ஆதலால் நூறு விழுக்காடு உயர்வு என்பது பொய்யன்று. ஆனால் 7,000 பேருக்கு ஒருவர் கூடுதல் என்று சொல்லியிருந்தால் யாரும் அவ்வளவு அஞ்சியிருக்க மாட்டார்கள். இன்னும் ஒன்று: கருவுற்ற காலத்தில் இரத்தம் உறையும் அபாயம் இம்மாத்திரையால் வருவதைவிடப் பெரிது. அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன என்று பின்னர் மதிப்பிட்டனர்.

இதில் பொய் எழுதியவர் எவரும் இலர். விகிதத்தைச் சொன்னார்கள், அடிப்படை எண்ணைச் சொல்லவில்லை. 'எதைப்போல் இரு மடங்கு?' என்று கேட்கும் ஒருவர் செய்தி மேசையில் இருந்திருந்தால் போதும். நாம் முதலாண்டுச் செய்முறை வகுப்பிலேயே கற்கும் கேள்வி அது.

5. போபால் தரும் பாடம்

நம் நாட்டுக்கு வருவோம். 1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டிப் போபாலில், யூனியன் கார்பைடு தொழிற்சாலையின் கலத்திலிருந்து ஏறத்தாழ 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் வெளிப்பட்டது. உறங்கிக் கொண்டிருந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இதனை அறியாதார் இலர். இரண்டாண்டுகளுக்கு முன்பே இவ்வாறு நேரலாம் என்று ஒருவர் அச்சில் எழுதினார் என்பதை அறிந்தோர் சிலரே.

அவர் ராஜ்குமார் கேஸ்வானி. போபாலிலேயே 'ரபட்' என்னும் சிறு இந்தி வார இதழை நடத்தியவர். 1981 டிசம்பரில் அத்தொழிற்சாலையில் பாஸ்ஜீன் கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார். அதன் பின்னர் கேஸ்வானி விசாரிக்கத் தொடங்கினார். அவர் விஞ்ஞானி அல்லர். எனினும் பாஸ்ஜீன் என்றால் என்ன, மீத்தைல் ஐசோசயனேட் என்றால் என்ன என்று தேடிப் படித்தார். தொழிலாளர்களிடம் பேசினார். 1982-இல் அமெரிக்காவிலிருந்து வந்த வல்லுநர்கள் தயாரித்த பாதுகாப்பு ஆய்வறிக்கையைப் பெற்றார். அவ்வாண்டுச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நகருக்கு வரப்போகும் ஆபத்தைப் பற்றி அடுத்தடுத்து எழுதினார். 1984 ஜூனில், 'ஜன்சத்தா' நாளிதழில் மீண்டும் எழுதினார். யாரும் செவிசாய்க்கவில்லை. ஆறு மாதத்தில் அது நடந்தது. கேஸ்வானி 2021-இல் மறைந்தார்.

நம் வகுப்பில் இரு நிமிடத்தில் போடும் கணக்கு ஒன்றை இங்கே போட்டுப் பார்ப்போம். மீத்தைல் ஐசோசயனேட்டின் மூலக்கூற்று எடை 57, பாஸ்ஜீனுடையது 99, காற்றின் சராசரி 29. ஆகவே ஒன்று காற்றைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு கனம். மற்றொன்று மூன்று மடங்குக்கும் மேல். கனமான வாயு மேலெழுந்து கலைந்து போகாது, தரையை ஒட்டித் தவழும், பள்ளத்தை நாடும். தொழிற்சாலையின் மதிலை ஒட்டிக் குடிசைகள் இருந்தன. அவற்றில் மக்கள் தரையில் படுத்துறங்கினர். இவ்வளவையும் சேர்த்துப் பார்க்க மேதைமை வேண்டியதில்லை. ஒரு பிரித்தல் கணக்கும், அவ்வூரின் தெருவைக் கண்ட கண்ணும் போதும். கணக்கு நம்மிடம் இருக்கிறது. தெருவைக் கண்டவர் கேஸ்வானி. கணக்கையும் அவரே தேடிச் சென்று கற்றார்.

அவர் குரல் ஏன் ஓங்கவில்லை? சிறு இதழ் என்பது ஒரு காரணம். பெரிய பத்திரிகைகளில் அதை எடுத்துப் படித்து, 'இதில் உண்மை இருக்கிறதா, சோதிப்போம்' என்று முனைவோர் இல்லாமற் போனது மற்றொரு காரணம் என நான் கருதுகிறேன். தனி மனிதர் ஒருவரின் விடாமுயற்சியை நம்பி ஒரு நகரத்தின் உயிர் இருக்கலாகாது. அத்தகைய விசாரணை பலருக்கும் இயல்பான பழக்கமாக வேண்டும். பழக்கத்தைப் பலருக்கு உண்டாக்குவதே கல்வியின் வேலை. இதழியலைக் கற்பிக்க முடியுமா என்ற பழைய கேள்விக்கு என் விடை இதுவே: மொழித்திறனைக் கற்பித்தல் அரிதாயிருக்கலாம்; விசாரிக்கும் பழக்கத்தைக் கற்பிக்க முடியும்; கற்பித்தே தீர வேண்டும்.

6. பிழைப்புக்கு வழி உண்டா?

இவ்வளவும் கேட்டபின், "சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்டும்விட்டார்கள். "எம்.எஸ்ஸி. படிச்சுட்டுப் பேப்பர்லயா வேலை பார்க்கப் போறே?" என்பது என் தந்தையார் தொலைபேசியில் கேட்ட கேள்வி. இறுதித் தேர்வுக்குப் பின் இவ்வழியில் செல்ல நான் எண்ணியிருப்பதால், அவருக்குச் சொன்ன விடையையே இங்கும் தருகிறேன்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுவோம். தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவு. வேலை பல இடங்களில் ஒப்பந்த வேலையே. இரவுப் பணி உண்டு. பண்டிகை நாளில் விடுமுறை கிடைக்குமென்ற உறுதியில்லை. அச்சுப் பத்திரிகைகளின் விளம்பர வருவாய் இணையத்துக்குப் போய்விட்டதால் பல அலுவலகங்களில் ஆட்குறைப்பும் நடந்திருக்கிறது. சில தனியார் பயிற்சி நிலையங்கள் வாங்கும் கட்டணத்துக்கும் பின்னர் கிடைக்கும் சம்பளத்துக்கும் பொருத்தமே இல்லை. சேருமுன் அங்கே சென்ற ஆண்டு படித்தவர் இருவரைத் தேடிப் பிடித்து, எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்பது நலம். அதுவே நிருபனின் முதற் பயிற்சியாகவும் அமையும்.

இனி நம்பிக்கை தருவது. இதழியற் பட்டயப் படிப்புக்குப் பெரும்பாலும் எந்தப் பட்டதாரியும் சேரலாம். பட்டயம் ஓராண்டு, முதுகலை ஈராண்டு. நிருபர், துணையாசிரியர் என்பவை மட்டுமே வேலைகள் அல்ல. செய்தி நிறுவனங்கள் உள்ளன. அவற்றுள் மூத்ததான பி.டி.ஐ., 1947-இல் சென்னையில் பதிவாகி 1949-இல் பணி தொடங்கியது. வானொலியும் தொலைக்காட்சியும் உள்ளன. மைய அரசின் தேர்வாணையக் குடிமைப் பணித் தேர்வு வழியாக இந்தியத் தகவல் பணியில் சேரலாம். ஆராய்ச்சி நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் தம் பணியை மக்களுக்கு எடுத்துரைப்போர் தேவைப்படுகின்றனர். அறிவியல் ஏடுகளுக்கும் நம் நாட்டில் நெடிய மரபு உண்டு. அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு 1952-இல் இந்தியில் 'விஞ்ஞான் பிரகதி'யையும் 1964-இல் ஆங்கிலத்தில் 'சயன்ஸ் ரிப்போர்ட்டர்' இதழையும் தொடங்கிற்று. சுற்றுச்சூழலுக்கென 1992-இல் 'டவுன் டு எர்த்' தோன்றியது.

புதிதாகத் தோன்றிய வேலை ஒன்றும் உண்டு; அது சரிபார்ப்போர் வேலை. கைப்பேசியில் உலவும் பொய்ச் செய்திகளையும் போலிப் படங்களையும் ஆராய்ந்து உண்மையைக் கூறுவது அவர்கள் பணி. 2017-இல் 'ஆல்ட் நியூஸ்' என்னும் தளத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான பிரதீக் சின்ஹா ஒரு மென்பொருள் பொறியாளர். இன்று கேட்ட மாத்திரத்தில் வாக்கியங்களை எழுதித் தரும் கணிப்பொறிகள் வந்துவிட்டன. அதனால் செய்தித் தொழில் அழிந்துவிடும் என்போர் உளர். வாக்கியம் மலிந்துவிட்டது மெய்தான். ஆனால் கிணற்றடிக்குச் சென்று குடுவையில் நீர் எடுக்கவும், அலுவலகத்தில் காத்திருந்து அறிக்கையைப் பெறவும் ஆள் வேண்டும். மலிந்த சரக்கு சந்தையில் பெருகப் பெருக, உரைத்துப் பார்ப்பவனுக்கு வேலை கூடுமேயன்றிக் குறையாது.

7. தமிழுக்கு நாம் செய்யத்தக்கது

கடைசியாக ஒன்று. நாம் வெளிமாநிலத்தில் ஆங்கிலத்தில் அறிவியல் பயில்கிறோம். ஊரில் நம் தாயும் அத்தையும் உடல்நலம் பற்றிய செய்திகளைத் தமிழில், பெரும்பாலும் யாரோ அனுப்பிய கைப்பேசித் துணுக்குகளில் படிக்கிறார்கள். 'இந்த இலையை அரைத்துக் குடித்தால் சர்க்கரை நோய் தீரும்' என்று வந்தால், "நீ படிச்ச பிள்ளையாச்சே, இது நெசமாடா?" என்று நம்மைக் கேட்கிறார்கள். நாம் ஆங்கிலத்தில் அறிந்ததைத் தமிழில் சொல்லத் திணறி, "அதெல்லாம் நம்பாதீங்க" என்று முடித்துவிடுகிறோம். ஏன் நம்பக்கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே அவர்கள் நம்புவதை நிறுத்துவதும் இல்லை.

தமிழில் அறிவியல் எழுத முடியாது என்பதற்கு ஆதாரம் இல்லை. பெ. நா. அப்புஸ்வாமி 1917 முதல் எழுதத் தொடங்கி, 1986-இல் மறையும் வரை அறிவியலைத் தமிழில் சொல்லி வந்தார். அவர் தொழிலால் வழக்கறிஞர். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-இல் சிறுவர்க்கெனத் 'துளிர்' இதழைத் தொடங்கிற்று. வழி போட்டு வைத்திருக்கிறார்கள். நடப்பதே நம் பொறுப்பு.

ஆதலின் நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். அறிவியல் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஆய்வுப் பொருளை முந்நூறு சொற்களுக்குள் தமிழில் எழுத வேண்டும். முதல் வாக்கியத்திலேயே, இதனால் யாருக்கு என்ன என்பது விளங்க வேண்டும். விழுக்காடு வந்தால் அதன் அடிப்படை எண்ணும் வர வேண்டும். கலைச்சொல் வந்தால், அதே வாக்கியத்தில் அதன் பொருளும் தெரிய வேண்டும். எழுதியதை வேறு துறை மாணவர் ஒருவர் படித்து, மூன்று கேள்வி கேட்க வேண்டும். மூன்றுக்கும் விடை எழுதிய பின்னரே அதை மன்றத்துச் சுவரொட்டி ஏட்டில் ஒட்ட வேண்டும். தேறியவற்றை இவ்விதழில் வெளியிடலாம். மாதம் நான்கு கட்டுரை வந்தாலும், ஆண்டு முடிவில் ஐம்பதுக்கு அருகில் வந்துவிடும்.

இப்பயிற்சி பெற்றவர் அனைவரும் பத்திரிகைக்குப் போக வேண்டியதில்லை. ஆசிரியராகலாம், ஆராய்ச்சியாளராகலாம், தொழிற்சாலையில் பொறுப்பேற்கலாம். ஒருநாள் அவர்களிடம் ஒரு நிருபர் வந்து, "இக்கலத்தில் இருப்பது என்ன? கசிந்தால் எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்பார். அன்று அவருக்கு விளங்கும் தமிழில், உள்ளதை உள்ளபடி கூற அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கேட்கத் தெரிந்தவரும் சொல்லத் தெரிந்தவரும் ஓர் ஊரில் இருந்தால் அவ்வூர் ஓரளவு பாதுகாப்புடன் உறங்கலாம். அடுத்த திங்களே இம்முயற்சியைத் தொடங்குவோமாக.